யாருடைய வட்டம் பெரிது

அமரவிளை
12 ஜூன் 2024

அன்புள்ள ஆர்யாவுக்கு,

அக்கா லேகா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். மைசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்கிற பழக்கத்தை விட்டாயா?

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் எழுப்பிய சுவர் கூரையைத் தொடவில்லை என்பது உனக்கே தெரியும். இந்தப் பக்கம் நான் "ஹலோ" என்றால் அந்தப் பக்கம் ஸ்ரீகுமாரி மிக்ஸியை நிறுத்திவிடுகிறாள். கொழுந்தன் ராஜதாஸ் கட்டிய பெண்டாட்டி என்ன கேட்டாலும் பரவாயில்லை, நான் என் தங்கையிடம் பேசுவதைக் கேட்கக் கூடாது.

உன் ஆராய்ச்சிக்குக் கேட்ட புல்தைலம் இந்தப் பார்சலில் இருக்கிறது. ரப்பர் மரங்களுக்கு இடையில் நிற்கிற, எலுமிச்சை மணக்கிற நம் இஞ்சிப்புல்லை அறுத்து, என் முறை வந்த நாளில் நானே காய்ச்சி வாற்றி எடுத்தது. புல்லை அவித்து ஆவியைத் தைலமாக இறக்குகிற செம்பு ஒன்றுதான், இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் எனக்கு, மறுநாள் அவளுக்கு. என் தைலம் நோய்க்கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்துச் சொல். கொல்லும். சந்தேகமே வேண்டாம்.

அவள் இப்போது பாட்டிலில் படம் போட்ட சீட்டு ஒட்டி விற்கிறாள். குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சந்தையில் எல்லோரும் அவள் மேசைக்குத்தான் போகிறார்கள். போகட்டும். உன் ஆராய்ச்சியாவது என் பெயரில் நடக்கட்டும்.

என் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
லேகா


மைசூர்
1 ஜூலை 2024

பிரியமுள்ள அக்கா,

நான் சுகம். அத்தானுக்கு மூட்டுவலி எப்படி? நீ மாத்திரையை விடாமல் போடுகிறாயா? தலையைத் துவட்டித்தான் படுக்கிறேன், நம்பு.

தைலம் வந்தது. பார்சலைப் பிரித்ததும் லேப் முழுக்க நம் வீட்டுப் பின்கட்டு வாசம். கிருமியைக் கொல்கிறதா என்று கேட்டிருந்தாயே, எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். சின்னக் கண்ணாடித் தட்டில் கிருமிக்கு வேண்டிய சாப்பாட்டைக் கூழாக ஊற்றி உறைய வைப்போம். அதன்மேல் கிருமியைப் பூசுவோம். நடுவில் ஒரு பொட்டளவு தாளை எண்ணெயில் தோய்த்து வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்திருக்கும். எண்ணெய்க்குச் சக்தி இருந்தால் தாளைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் தெளிந்த வட்டம் நிற்கும். வட்டம் பெரிதானால் சக்தி அதிகம்.

கொஞ்சம் பொறு. ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை.

அன்புடன்,
ஆர்யா


அமரவிளை
9 ஜூலை 2024

ஆர்யாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நேற்று நெய்யாற்றின்கரையில் கூரியர் கடைக்குப் போனேன். ஷைஜு என்னைப் பார்த்ததும், "ஒங்க வீட்டிலேருந்து மைசூருக்கு இன்னொரு பாட்டிலும் போச்சே, கிட்டியதா அக்கா?" என்று கேட்டான். எந்தப் பாட்டில் என்றேன். "ஸ்ரீகுமாரி அக்கா கொண்டுவந்தது. அட்ரஸ் ஒண்ணுதானே, அதனாலயாக்கும் கேட்டேன்" என்றான்.

உன் கடிதத்தை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை படித்தேன். கூழ், தாள், கண்ணாடித் தட்டு, எல்லாம் இருக்கிறது. அந்தப் பாட்டில் மட்டும் இல்லை.

அம்மா போன பிறகு உன்னைக் கொண்டுவந்து வைத்துப் படிக்கவைத்தது சுவருக்கு இந்தப் பக்கம். அவள் அந்தப் பக்கத்திலிருந்து மீன் பொரித்து நீட்டுவாள், நீ ஓடிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அவளையும் அக்காவாக்கி "ஸ்ரீ சேச்சி கைமணம்" என்று வந்து என்னிடமே சொல்வாய். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. இப்போது ஆராய்ச்சியிலும் அவள் கைமணம் வேண்டுமா?

அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

லேகா


மைசூர்
20 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? சுகர் பார்த்தாயா? பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

ஸ்ரீ சேச்சியிடம் தைலம் கேட்டது நான்தான். அவராக அனுப்பவில்லை. ஒரே நிலம், ஒரே புல், ஒரே செம்பு, இரண்டு கைகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது என்று என் கைடு சொன்னார். உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்று மறைத்தேன். மறைத்ததால் இரட்டிப்பாக வருத்தப்பட்டுவிட்டாய்.

முடிவு வந்துவிட்டது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று ஒரு கிருமி, புண்ணில் சீழ் வைக்கிறது. உன் தைலம் அதைக் கொன்றது. நல்ல வட்டம். சேச்சியின் தைலமும் கொன்றது. அவருடைய வட்டம் கொஞ்சம் பெரிது. கொஞ்சம்தான். மூன்று முறை செய்து பார்த்தேன் அக்கா. ஒவ்வொரு முறையும் உன்னுடையது பெரிதாக வர வேண்டும் என்றுதான் தட்டைத் திறந்தேன்.

இதெல்லாம் தட்டில் நடப்பது. மனித உடம்பு வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபம் தீர்ந்ததும் எழுது.

ஆர்யா


அமரவிளை
28 ஆகஸ்ட் 2024

ஆர்யாவுக்கு,

எல்லோரும் சுகம்.

எனக்குக் கோபம் இல்லை. ஒரு நியாயம் மட்டும் கேட்கிறேன், உன் கைடையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. செம்பை முதலில் ஏற்றுகிறவள் நான். மறுநாள் ஏற்றுகிறவள் அவள். நான் வாற்றி முடித்ததும் குழாய்க்குள் என் தைலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு வழித்தாலும் முழுதாக வராது. மறுநாள் அவள் ஆவியோடு சேர்ந்து அதுவும் அவள் பாட்டிலில்தான் இறங்குகிறது. அப்படியானால் அவளுடைய வட்டத்தில் என் பங்கும் உண்டு. இதை உன் படிப்பில் எங்கே கணக்கில் எடுத்தீர்கள்?

அத்தானிடம் இதைச் சொன்னேன். "எடீ, கொழாயில ஒட்டியதுக்கும் பாகம் வைக்கணுமா?" என்று சிரிக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திருவோணத்துக்கு வருவாயா? எள்ளுண்டை செய்து வைக்கிறேன்.

உன் அக்கா (உனக்கு ஒரே ஒரு அக்காதான் உண்டு),
லேகா


மைசூர்
18 செப்டம்பர் 2024

பிரியமுள்ள அக்கா,

ஓணத்துக்கு வர முடியாமல் போனதை நினைத்து அன்றைக்கு முழுக்க மனசு கெட்டிருந்தது. எள்ளுண்டை கூரியரில் வந்தது, உடைந்திருந்தாலும் தீர்த்துவிட்டேன். நீயும் அத்தானும் சுகம்தானே?

குழாய் விஷயத்தைக் கைடிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்றார். ஆனால் ஒட்டி நிற்கிற அந்தச் சொட்டுகளால் வட்டம் பெரிதாகாதாம். அவர் வேறொன்று கேட்டார். உன் பாட்டில் பிளாஸ்டிக். எண்ணெயின் நிறமும் மாறியிருந்தது. வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தாயா? வெயில் பட்டால் சக்தி போய்விடும். சேச்சி கறுப்புக் கண்ணாடி பாட்டிலில் அலமாரிக்குள் வைப்பாராம். வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை. கை இரண்டும் ஒரே கைதான்.

இன்னொன்று. மறைத்தால் தப்பு என்று கற்றுக்கொண்டதால் நேராகவே எழுதுகிறேன். நவம்பரில் இங்கே புல்தைலம் எடுப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் கூட்டம் வைக்கிறார்கள். ஓர் ஊருக்கு ஒருவர்தான். பெரிய வட்டம் யாருடையதோ அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்கள். சேச்சிக்குக் கடிதம் வரும். நான் முடிவு செய்ததில்லை.

ஆர்யா


அமரவிளை
5 அக்டோபர் 2024

ஆர்யாவுக்கு,

சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

பாட்டிலைப் பின்பக்க ஜன்னல் படியில் வைத்திருந்தேன். அவள் கிணற்றடிக்குப் போகிற வழி அது. என் தைலம் எவ்வளவு பொன்னாக இருக்கிறது என்று அவள் தினமும் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன். பார்த்தாளோ இல்லையோ, வெயில் பார்த்துவிட்டது.

அவளுக்குக் கடிதம் வந்தது. ஊர் முழுக்கக் காட்டுகிறாள். எனக்கும் காட்டினாள். சந்தோஷம் என்று சொன்னேன்.

ஓணக்கோடித் துணியோடு எனக்கு ஒரு ஜோடி செருப்பும் வாங்கித் தந்தாள், அவளுடையது போலவே. அளவும் அவளுடையதுதான். "ஒனக்குப் பாகமா உண்டா அக்கா? இல்லைன்னா மாத்தி வாறேன்" என்று கேட்டாள். என் கால் அவள் காலைவிடப் பெரிது என்று நான் என் வாயால் சொல்வேனா? சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

புண்ணில் இருக்கிற கிருமியை என் தைலம் கொன்றது என்று எழுதியிருந்தாய் அல்லவா? அது கால்புண்ணில் வருவதும்தானே? புது எண்ணெய், வெயில் காட்டாதது, அப்படியே விட்டால் எத்தனை நாளில் கேட்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

லேகா


மைசூர்
14 அக்டோபர் 2024

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். "சும்மாதான்" என்று எழுதினாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து "அவள் புல் அறுக்கப் போயிருக்கா" என்கிறார். எந்த நேரம் கூப்பிட்டாலும் புல் அறுக்கிறாயா?

தைலத்தை அப்படியே தோலில் விடக் கூடாது. வெந்துபோகும். புண் எல்லாவற்றிலும் ஒரே கிருமி இருப்பதும் இல்லை. சுகர் உள்ளவர்கள் கால்புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. காலில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போ. நேராகப் பதில் சொல்.

ஆர்யா


நெய்யாற்றின்கரை
30 அக்டோபர் 2024

ஆர்யா மோளுக்கு,

ஸ்ரீ சேச்சி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குப் போன் செய்யக் கூடாது என்று அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அத்தானிடமும் அப்படியே வாங்கிவிட்டாள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

புல் வெட்டாத நாளிலும் சுவருக்கு மேலே தைல வாசம் வந்துகொண்டே இருந்தது. "என்ன அக்கா, தரை தொடைக்கியா?" என்று கேட்டால் ஆமாம் என்பாள். பிறகு அந்த வாசத்தோடு வேறொரு வாடையும் சேர்ந்தது. உள்ளே வரட்டுமா என்றால் கதவைச் சாத்திவிடுவாள். அத்தானுக்குக்கூடக் காலைக் காட்டவில்லை, முள் குத்தியது என்று துணி சுற்றி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் முறை. செம்புக்குத் தீ வைத்துவிட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். உடம்பு கொதித்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்து, சுற்றிலும் பச்சையாகச் சீழ். தைலம் விட்ட இடமெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. ஆட்டோவில் வரும்போது அந்தக் காய்ச்சலிலும் என்ன சொன்னாள் தெரியுமா? "தட்டில் நீ ஜெயிச்சே. நான் காலில் ஆக்கும் காட்ட நெனச்சேன்" என்றாள். புண் ஆறியதும் உனக்குப் போட்டோ அனுப்பி மைசூர்க் கூட்டத்துக்குத் தானே போய்விட வேண்டும் என்று இருந்தாளாம்.

விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பிவிட்டது.

விரலைக் கடித்துப் புண்ணாக்கிய அந்தச் செருப்பு நான் வாங்கிக் கொடுத்தது மோளே. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சின்னதாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவள்.

நீ வா. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

ஸ்ரீ சேச்சி


மைசூர்
14 நவம்பர் 2024

பிரியமுள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தையல் பிரித்தார்களா? காய்ச்சல் திரும்ப வரவில்லையே? இன்சுலின் ஊசிக்கு முகத்தைச் சுளிக்காதே.

ஆஸ்பத்திரியில் உன்னிடம் சண்டை போடக் கூடாது என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் அத்தானை டீ வாங்க அனுப்பிவிட்டு, சேச்சி வெளியே போனதைப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "எங்காலில் இருந்த கிருமிக்கு யாரு எண்ணெய் நல்லது? பார்த்துச் சொல்லு" என்று காதில் கேட்டாயே. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரயிலில் அழுதேன்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் இருந்த கிருமி சூடோமோனாஸ். முன்பு நான் எழுதியது வேறு கிருமி. உன் காலில் இருந்த வகை எங்கள் லேபிலும் இருக்கிறது. நீ கேட்டாய் என்பதற்காகவே தட்டு போட்டேன். ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த உன் புது எண்ணெய், சேச்சியின் எண்ணெய், இரண்டையும் வைத்தேன். இரண்டுக்கும் வட்டமே இல்லை. தாளின் விளிம்பு வரைக்கும் கிருமி வளர்ந்து நின்றது. புல்தைலத்துக்கு அது அசைகிற கிருமி இல்லை. ஆஸ்பத்திரி மருந்துதான் உன் காலைக் காப்பாற்றியது, அதுவும் சேச்சி உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதால்.

கூட்டத்தை டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். சேச்சி வரமாட்டாராம். உன் கால் கட்டை மாற்ற ஆள் இல்லை என்று கைடுக்கே போன் செய்து சொல்லிவிட்டார். நானும் வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. நீ சொல்வாயோ மாட்டாயோ, தெரியவில்லை.

உன் தங்கை,
ஆர்யா


அமரவிளை
3 டிசம்பர் 2024

அன்புள்ள ஆர்யாவுக்கு,

கால் ஆறிவருகிறது. சுகர் இறங்கியிருக்கிறது, இந்த முறை பொய் இல்லை, அத்தானிடம் கேட்டுக்கொள். நீ சுகம்தானே?

இரண்டு பேருக்கும் வட்டம் இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. விரல் போனவளுக்கு வருகிற நிம்மதியா இது என்று நீ திட்டுவாய். வந்ததை வந்தது என்று சொல்கிறேன். சுவரைத் தட்டி அவளிடமும் படித்துக் காட்டினேன். "அப்போ நாம ரெண்டும் சமம்" என்று சொல்லிவிட்டு அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஆனால் சமம் இல்லை. தினமும் காலையில் வந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து, துடைத்து, மருந்து போட்டுக் கட்டுகிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை, மூக்கைப் பொத்துவதும் இல்லை. ஊரில் எல்லோரும் "ஸ்ரீகுமாரியைப் போல ஒருத்தி உண்டா" என்கிறார்கள். அவர்கள் சொன்னால் பரவாயில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. எண்ணெயில் தோற்றதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அவள் காலை இப்படி எடுத்து மடியில் வைத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் மைசூருக்குப் போகவில்லை என்று கேட்ட அன்றைக்கு முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ராத்திரிச் சோறு இரண்டு கவளம் அதிகமாகவே இறங்கியது. மறுநாள் அவள் குனிந்து கட்டு அவிழ்க்கும்போது உச்சியில் நரை தெரிந்தது. என்னைவிட இளையவள். கல்யாணமாகி வந்த பிறகு பக்கத்திலுள்ள பாறசாலையைத் தாண்டி எங்கும் போனதில்லை. என் காலைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்தால், அவள் தியாகி ஆகிவிடுவாள், நான் காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அது என்னால் முடியாது. ஆகவே போகச் சொன்னேன். "நீ ஒண்ணும் எனக்காக நிக்கண்டாம். கட்டு மாற்ற ஜெஸ்னா நர்ஸ் வருவா. போகாமல் இருந்தா இனி கதவு திறக்க மாட்டேன்" என்றேன். "சத்தியமா அக்கா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அழும்போதுகூட அவள் முகம் நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

உடுத்த நல்ல சேலை இல்லை என்றாள். முதல் உதவித்தொகையில் நீ எனக்கு எடுத்துத் தந்த மயில்கழுத்து நிறப் பட்டைக் கொடுத்துவிட்டேன். கட்டிக் காட்டினாள். என்னைவிட அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நான்கு பக்கமும் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரித்திருந்தால் தெரிந்துவிடும். பிரிக்க மாட்டாள், அந்தக் குணமும் அவளிடம் உண்டு.

கூட்டத்தில் யாராவது கேட்டால், அந்தச் செம்பு இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். சொல்வாள்.

நீ அவளைக் கூப்பிட ரயிலடிக்கு வருவாய் என்று தெரியும். அவள் இறங்கியதும் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துவிடாதே. முதலில் "அக்கா கால் எப்படி இருக்கிறது?" என்று கேள். அதற்கு அவள் முழுதாகப் பதில் சொல்லி முடிக்கட்டும். அதற்குப் பிறகு கட்டிப்பிடித்துக்கொள்.

உன் அக்கா,
லேகா